சுபநேரத்தில் போட்ட லினக்ஸ்

ஓடுகிற கணினியைச் சும்மா விட்டுவைக்க ஒரு பக்குவம் வேண்டும். இருபத்திரண்டு வயதில் எனக்கு அது இல்லை. (இப்போதும் இல்லை என்பது என் மனைவியின் கட்சி.)

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு நடத்த வேண்டும் என்பது என் அக்கா செல்வியின் கனவு. பழைய கணினி ஒன்று கிடைத்துவிட்டது. இடம்தான் இல்லை. வகுப்பின் திறப்பு விழாவில் கணினி ஓடுவதைப் பார்த்தால், பூட்டிக் கிடக்கும் பிள்ளைமடுவத்தை, அதாவது பழைய குழந்தைக் காப்பகத்தை, தருவதாகத் தோட்டத்துத் துரை சொல்லியிருந்தார்.

பதுளையில் கிளார்க்காக இருந்த யாழ்ப்பாணத்துச் சிவம் அண்ணைதான் கணினியை இயக்கும் லினக்ஸ் மென்பொருளை இரண்டு சீடிகளில் எனக்குத் தந்தார். ஒன்று நிலையான பதிப்பு, மற்றது சோதனைப் பதிப்பு.

"பழசெண்டாலும் இது விழாது தம்பி. மற்றதை விளையாட்டுக்கு மட்டும் வையும்."

நிலையானதைப் போட்டேன். ஒரு மாதம் முனகாமல் ஓடியது.

விழாவன்று பூசாரி கணினிக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். லொறிச் சக்கரத்தடியில் வைக்கும் எலுமிச்சம்பழத்தை இதற்கு எங்கே வைப்பதென்று தேடி, கீபோர்டுக்கு அடியில் செருகினார். (நல்லவேளை, ஏற்றி நசுக்கச் சொல்லவில்லை.)

"பத்தரை வரைக்கும் நல்ல நேரம். புது வேலைய இப்பவே ஆரம்பிங்க" என்றார்.

ஒரு மாதமாக ஓடுவது எப்படிப் புது வேலையாகும்? இவ்வளவு நல்ல நேரத்தை வீணாக்கலாமா? எல்லோரும் தேநீர் குடிக்கும்போது சோதனைப் பதிப்பின் சீடியைச் செருகினேன்.

"என்னடா பண்ற?" என்றாள் அக்கா.

"புதுசா ஆரம்பிக்கிறேன்க்கா. ராசியா இருக்கும்."

துரை வந்தார். கணினி எழுந்தது. கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் கண்சிமிட்டியது. படம் இல்லை, பொத்தான் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். முன்னால் நின்ற ராணி என்ற சிறுமியின் பெயரை ஆங்கிலத்தில் தட்டினாள். அப்படியொரு கட்டளை தனக்குத் தெரியாது என்று கணினி ஆங்கிலத்தில் பதில் எழுதியது.

"பாத்தீங்களா, பதில் சொல்லுது!" என்றாள் அக்கா.

ஒரே கைதட்டல். பிள்ளைகள் வரிசையில் வந்து தங்கள் பெயரைத் தட்டினார்கள். கணினி ஒருவரையும் விடாமல் தெரியாது என்றது. அதைப் படித்த துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்குமுன்பே பிள்ளைமடுவத்துச் சாவியை அக்காவிடம் நீட்டினார்.

மறுநாளே பழைய பதிப்பைத் திரும்பப் போட்டேன். ராணி இன்று லுணுகலையில் கணினி ஆசிரியை. தன்னைத் தெரியாது என்ற அந்தக் கணினியை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

என் கல்யாணத்தில், முகூர்த்த நேரத்தில் தாலியைக் கையில் எடுத்தேன். பின்னாலிருந்து அக்கா எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்:

"தம்பி, நல்ல நேரம்னு கடைசி நிமிசத்துல எதையும் மாத்திடாத!"

குனிந்திருந்த மணப்பெண் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் கணினி முன்னால் உட்காரும்போதெல்லாம் இன்னும் அப்படித்தான் பார்க்கிறாள்.