ஒரே சூரியனுக்கு எத்தனை லீவு?

இருபத்திரண்டு வருட சர்வீஸில் முதல்முறையாகத் தீர்த்தகிரியின் போட்டோ கேன்டீன் சுவரில் ஏறியிருந்தது. 'இம்மாதச் சிறந்த சூப்பர்வைசர்.' மூன்றே நாள்தான். நான்காம் நாள் காலை, சரியாக அவர் முகத்துக்கு நேரே ஆறடி பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

"என் மூஞ்சி மேலதான் வைக்கணுமா? இம்மாம் பெரிய ஓசூர்ல வேற இடமே இல்லியா?"

மகள் பிரவீனா ஜெர்மனியில் நர்ஸ். மூன்று வருடம் கழித்து டிசம்பர் இருபத்தைந்து காலை பெங்களூரில் வந்து இறங்குகிறாள். அவளை அழைத்துவர அந்த ஒரு லீவுதான் கதி. வருடக் கடைசி டெஸ்பாட்ச் நேரத்தில் வேறு லீவு கேட்டால் கடித்துவிடுவார்கள். அதற்குள் இந்தப் போட்டோவை அவளுக்கு அனுப்பலாமென்று பார்த்தால், மரம்!

"சாந்தம்மாக்காவுக்காக ஹெச்.ஆர். மேடம் வெச்சதுண்ணா" என்றாள் பிரஸ் லைன் இருளாயி.

பேக்கிங் சாந்தம்மாதான் கம்பெனியிலேயே ஒரே கிறிஸ்தவர். ஒரே ஒருத்திக்கு ஆறடி மரமா! தீர்த்தகிரிக்கு வயிறு எரிந்தது. டீ நேரத்தில் போனை நோண்டினார். நோண்ட நோண்ட விஷயம் வந்துகொண்டே இருந்தது.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! இந்த மரம் பைபிள்லயே கிடையாது. ஜெர்மன்காரன் அந்தக் காலத்துல மரத்தக் கும்புட்டான், அதான் இது. டிசம்பர் இருபத்தஞ்சு ரோமாபுரியில சூரியனுக்குப் பண்டிகை. ஏசு பொறந்த தேதி எங்கியும் எழுதல. எல்லாம் பழைய சாமி, பேரு மட்டும் புதுசு. எடுங்கய்யா மரத்த!"

சாமி மரம் என்று தெரிந்த பிறகு எவன் கை வைப்பான்? மத்தியானத்துக்குள் இருளாயி அதற்கு மஞ்சள் கயிறு கட்டி, குங்குமம் வைத்து, கற்பூரமும் ஏற்றிவிட்டாள். ஃபயர் அலாரம் அலறியது. முந்நூறு பேரும் வெளியே ஓடினார்கள். நாற்பது நிமிடம் புரொடக்ஷன் படுத்தது.

"நீங்கதான கிளப்பிவிட்டது? எழுத்துல விளக்கம் குடுங்க" என்றார் ஹெச்.ஆர். லாவண்யா.

கொடுத்தார். நான்கு பக்கம்! படம் மறைந்த ஆத்திரமெல்லாம் அதில் இறங்கியது. 'ஆகவே இது சூரியன் பண்டிகையே தவிர வேறில்லை' என்று முடித்து, அழுத்திக் கையெழுத்தும் போட்டார்.

மறுநாள் நோட்டீஸ் போர்டில் அந்த நான்கு பக்கமும் தொங்கின. கீழே ஓர் உத்தரவு: 'சூரியனுக்குப் பொங்கல் விடுமுறை ஏற்கெனவே உண்டு. எனவே டிசம்பர் 25 வேலை நாள்.'

அநியாயம் இல்லையா இது? அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் அவர் பக்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை. விடிந்ததும் லாவண்யாவிடம் ஓடினார்.

"மேடம், அது ஏசு பொறந்த நாளேதான் மேடம். சத்தியமா!"

"இல்லன்னு நாலு பக்கம் எழுதியிருக்கீங்களே?"

"வாய்க்கொழுப்பு மேடம்."

"வருஷா வருஷம் இந்த லீவு கேட்டு சாந்தம்மா கையெழுத்துப் போட்ட லெட்டர் வரும். இந்த வருஷம் இன்னும் வரல. வந்தா லீவு, இல்லன்னா இல்ல."

லெட்டரைத் தீர்த்தகிரியே எழுதினார். மூச்சிரைக்க பேக்கிங்குக்கு ஓடி நீட்டினார்.

"சாந்தம்மா, உன்னையக் கையெடுத்துக் கும்புடறேன். எம்பொண்ணு வர்றாம்மா. ஒரு கையெழுத்து!"

சாந்தம்மா பேனாவைத் தொடவில்லை.

"எங்க சபையில கிறிஸ்துமஸே கிடையாதுங்க சார். மரம், ஸ்டாரு எல்லாம் பழைய சாமி சமாச்சாரம்னு பாஸ்டர் கிட்டவே சேர்க்க மாட்டாரு."

"அப்ப இத்தினி வருஷமா போட்ட கையெழுத்து?"

"எல்லாருக்கும் லீவு கெடைக்கட்டும்னு மனசு கேக்காம போட்டுக் குடுத்தேன் சார், ஆனா போர்டுல நீங்க எழுதுன நாலு பக்கத்தையும் படிச்சதும் பாஸ்டர் சொன்னது அத்தனையும் நெசந்தான்னு அழுகையே வந்துடுச்சி, இனிமே செத்தாலும் போட மாட்டேன்."