ஊத்தைத்தண்ணித் தொட்டி நிரம்பிய நாள்

கதைக்க ஆளில்லாமல் கிடப்பவன் பக்கம் நாலு பேர் சேர்ந்து வந்தால் அவனுக்கு மூளை வேலை செய்யாது. எனக்குச் செய்யவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. தொழில்நுட்பக் கல்லூரி முடித்த சூட்டோடு, கிணறு திருத்தும் அரசாங்க வேலைக்கு என்னைப் பருத்தித்துறைக்குக் கிழக்கே ஒரு கடற்கரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக் கிணறெல்லாம் உவர். வாயில் வைக்கக்கூடியது பொதுக்கிணறு ஒன்றுதான். அதனடியில் குளித்த தண்ணீர் தேங்கி, கல் வெடிப்புகளால் திரும்பவும் கிணற்றுக்குள்ளேயே இறங்கியது. நான் சீமெந்துத் தளம் போட்டேன், வாய்க்கால் வைத்தேன். ஊத்தை படிய ஒரு தொட்டி, தண்ணீர் வடிய மணலும் சல்லியும் நிரப்பிய இன்னொரு தொட்டி, முடிவில் தென்னங்கன்றுகள். (தாஜ்மகால் கட்டியவன்கூட அவ்வளவு பெருமை அடித்திருக்கமாட்டான்.)

ஒருவரும் வந்து குளிக்கவில்லை. குளித்த தண்ணீரையே வடித்துக் குடிக்கத் தரப்போகிறான் என்று யாரோ கதை கட்டிவிட்டார்கள். குடிக்க மட்டும் அள்ளிப்போய், வீட்டு உவர்த்தண்ணீரில் குளித்தார்கள். எனக்கு 'ஊத்தைத்தண்ணி இஞ்சினியர்' என்று பட்டம். விளக்கம் சொல்லலாமென்று கிணற்றடியில் காவல் நின்றேன். பெண்கள் குடத்தோடு திரும்பிப் போனார்கள். (இளந்தாரிப் பெடியன் கிணத்தடியில நிண்டால் ஆர்தான் வருவினம்?)

பின்னேரங்களில் காய்ந்த தொட்டிக்குள் இறங்கியிருந்து பாணும் வாழைப்பழமும் சாப்பிடுவேன். அங்கேதான் வெயில் இல்லை. இருமினால் எதிரொலி வரும். ஊரில் எனக்குப் பதில் சொன்னது அது ஒன்றுதான்.

புதன்கிழமை மேலதிகாரி பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. தொட்டியில் தண்ணீர் ஓடாவிட்டால் என் வேலை நிரந்தரமாகாது.

அந்தச் சனி ஞாயிறு சாவகச்சேரிக்கு வீட்டுக்குப் போய்விட்டு, ஞாயிறு மத்தியானம் பஸ்ஸால் இறங்கி வந்தேன். கிணற்றடி நிறைய ஆண்கள். வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றுகிறார்கள். வாய்க்கால் நுரைத்து ஓடுகிறது. ஊர் என்னை ஏற்றுக்கொண்டுவிட்டது! பையை எறிந்துவிட்டு ஓடினேன். ஆளாளாகக் கையைப் பிடித்துக் குலுக்கினேன். ஏனோ ஒருவரும் திருப்பிக் குலுக்கவில்லை. ஊரின் மீன்வள்ளச் சம்மாட்டி சின்னராசா அண்ணை புது மொட்டையோடு நின்றார்.

"நேர்த்திக்கடனோ அண்ணை?" என்றேன், முப்பத்திரண்டு பல்லும் தெரிய. "எனக்கு இண்டைக்குத்தான் இந்த ஊரிலை சந்தோசமான நாள்."

அவர் தலையைத் துடைத்தார்.

"அப்பு செத்திட்டார் தம்பி. கொள்ளி வைச்சிட்டு வாறன்."

சுடலையிலிருந்து வந்து, வீட்டுக்குள் போகமுன் குளிக்க நின்ற முழு ஊரும் என்னைப் பார்த்தது. அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. அது பாட்டுக்கு முகத்திலேயே நின்றது.

நாளுக்குப் பத்துப்பேர் குளிப்பதாகக் கணக்குப் போட்டுக் கட்டிய தொட்டி அந்த நேரம் பார்த்து நிரம்பி வழிந்தது. கிணற்றடிக்குப் பக்கத்துப் பள்ளத்தில் இருந்தது நான் தங்கிய அறை மட்டும்தான். கதவடியால் உள்ளே போன தண்ணீர் என் பாய், தலையணை, ஒரு செருப்பு எல்லாவற்றையும் வெளியே கூட்டிவந்தது. கூட்டத்தில் ஒருவர் களுக்கென்றார். சின்னராசா அண்ணை அவரை முறைத்துவிட்டு, தானும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"உமக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"இல்லை அண்ணை."

"அது எங்கடை பிழை. சாப்பிட்டனீரோ? வாரும், வீட்டை போவம்."

செத்தவீட்டுக்கு அயலார் கொண்டுவந்திருந்த சோற்றை, ஈரக் காற்சட்டையோடு அந்த வீட்டுக்காரரோடேயே இருந்து சாப்பிட்டேன். அந்த ஊரில் ஒருவர் பக்கத்தில் இருந்து நான் சாப்பிட்ட முதல் சோறு. வாய் விட்டுப் புதன்கிழமைச் சங்கதியையும் சொல்லிவிட்டேன். புதன்கிழமை மேலதிகாரி வந்தபோது, செத்தவீட்டுத் துடக்குக் காத்த வீட்டுக்காரர் முழுப்பேரும் தேவையே இல்லாமல் கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்றார்கள். வேலை நிரந்தரமானது. அதற்குப் பிறகு அந்த ஊரில் யார் செத்தாலும் செய்தி சொல்ல முதலில் ஆள் அனுப்பியது எனக்குத்தான். (பாசம் பாதி, பயம் பாதி.)

கலியாணத்துக்குப் பிறகு இதை மனைவியிடம் உளறியது நான் செய்த அடுத்த பிழை. இப்போது செத்தவீட்டு வாசலில் என் முகத்தைச் சோதித்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள்.

மாற்றலாகிக் கொழும்பில் மாடிவீடொன்றில் இருக்கிறோம். போன மாதம் மேல்மாடிக்காரர் இறந்துபோனார். எங்களுக்குத் தெரிந்தது எல்லாம் முடிந்த பிறகு, பால்காரர் சொல்லித்தான்.

மனைவி பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள். பிறகு கேட்டாள்:

"அந்த ஆள் செத்த அண்டைக்கு மகனைப் படியிலை கண்டனீங்களெல்லே. சிரிச்சனீங்களோ?"

"ஓம்."

"அவர்?"

"அவரும் சிரிச்சவர்."