பொதுக் கோப்பில் துண்டு போடுபவர்

சிதம்பரம் பேருந்து நிலையத்தில் கடலூர் வண்டி உள்ளே நுழைந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து சீட்டுப் பிடிக்கிறவரை உங்களுக்குத் தெரியும். அவரை மன்னித்துவிடலாம். முண்டியடித்து ஏறியாவது கடைசியில் அந்தச் சீட்டில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். இங்கே சொல்லவந்தது வேறோர் இனம். இது துண்டைப் போடும், உட்காராது. வண்டி கடலூர் போய்த் திரும்பி வந்தாலும் துண்டு அங்கேயே கிடக்கும். நின்றுகொண்டு வருகிற ஜனம் அந்தக் காலிச் சீட்டைப் பார்த்துக்கொண்டே வரும்.

இந்த இனம் பேருந்தில் அதிகம் காணப்படுவதில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில், எல்லாருக்கும் பொதுவென்று வைத்த கோப்புகளுக்கு நடுவே வாழ்கிறது. முதுநகரில் வாழ்ந்த அதன் உயர்ந்த மாதிரிக்குப் பெயர் தட்சிணாமூர்த்தி.

கடற்கரைக் குப்பங்களில் வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் அவர் ஒருங்கிணைப்பாளர். தலைமை அலுவலகம் கடலூர் முதுநகரில், கிளை சிதம்பரத்தில். இரண்டாயிரத்து ஒன்பது வரை அங்கே ஓர் அறிக்கை என்றால் கடலூரில் ஒன்று, சிதம்பரத்தில் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் பேருந்தில் போய்க்கொண்டிருக்கும் பென் டிரைவில் மூன்றாவதாக ஒன்று இருக்கும். மூன்றும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. இந்தக் கூத்துக்கு முடிவு கட்டத்தான் சென்னையிலிருந்து ஆள் வந்து புது மென்பொருள் போட்டுப் பாடம் நடத்தினார். கோப்பு ஒன்றே ஒன்றுதான். இரண்டு ஊரிலிருந்தும் திறக்கலாம். ஒருவர் திருத்தும்போது மற்றவர் கை வைக்காமலிருக்க ‘செக் அவுட்’ என்று ஒரு பொத்தான். திருத்தி முடித்துப் பொதுவில் திரும்ப வைக்க ‘செக் இன்’ என்று இன்னொரு பொத்தான். எல்லாரும் இரண்டையும் குறித்துக்கொண்டார்கள். தட்சிணாமூர்த்தி முதலாவதைக் குறித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து அவருடைய காலை வேறு மாதிரி ஆனது. வருவார், மானிட்டர் மூலையில் ஒட்டிய பிள்ளையாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார், பட்டியலைத் திறப்பார், விடுப்பு விதிமுறையை எடுப்பார், ஜீப் ஓட்டும் முறையை எடுப்பார், மகளிர் தின அழைப்பிதழை எடுப்பார், எடுத்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தன் பெயர் வந்து விழுவதைக் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் பார்க்கிற சம்பந்தி போலப் பார்த்துக்கொண்டிருப்பார். எடுத்து என்ன செய்வார்? ‘மற்றும்’ என்று இருந்தால் ‘மேலும்’ என்று மாற்றுவார். ‘மேலும்’ என்று இருந்தால்? ‘மற்றும்’தான்.

கெட்டவரா என்றால், இல்லை. தன் கை படாமல் ஒரு காகிதம் வெளியே போனால் நிறுவனமே வேட்டி கட்டாமல் வீதியில் நடப்பதாக அவருக்கு ஓர் எண்ணம். அந்த மானத்தைத்தான் இரவு பகலாகக் காத்துவந்தார்.

காத்ததில் ஒரு முறை சிதம்பரம் கிளையே போகப் பார்த்தது.

அடுத்த ஆண்டுத் திட்ட அறிக்கை அது. நிதி தருகிறவர்கள் சென்னையிலிருந்தே அந்த மென்பொருளைத் திறந்து, அந்த ஒரு கோப்பை, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எடுத்துக்கொள்வார்கள். எந்தக் குப்பத்தின் பெயர் அதில் இருக்கிறதோ அந்தக் குப்பத்துக்கு வேலை உண்டு. சிதம்பரம் பக்கத்துக் குப்பங்களின் பெயரை எழுதவேண்டியவள் கிளையைப் பார்த்துக்கொள்ளும் சிந்துஜா. எழுத வேண்டிய இடத்தில் ‘இங்கே கிராமங்கள் வரும்’ என்ற ஒரே வரி கிடந்தது. அதை அழித்து எழுதலாமென்று போனால் கோப்பு தட்சிணாமூர்த்தியிடம். அந்த வரியோடே அறிக்கை போனால் கிளைக்கு வேலை இல்லை, கிளையையே மூடிவிடுவார்கள். சிந்துஜாவும் அவளோடு இருக்கும் ஆட்களும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

போன் செய்தாள். “ஒரு பார்வ பாத்துட்டுத் தர்றேம்மா” என்றார். மறுபடி செய்தாள். “பாத்துக்கிட்டேதாம்மா இருக்கேன்.” வெள்ளிக்கிழமை போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. விசாரித்தால், சிதம்பரத்துக்கே வந்திருக்கிறார், மேலவீதி மண்டபத்தில் ஒரு கல்யாணத்துக்கு!

சிந்துஜா அவரைப் பிடித்தபோது பந்தி முடிந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

“அடடே, வாம்மா. சாப்ட்டியா?”

“சார், ஃபைலு.”

“பாயசம் நல்லாருக்கு. இலை போடச் சொல்றேன்.”

“சார், அஞ்சு மணிக்கு எடுத்துக்குவாங்க சார். எங்க ஆபீசு வந்து அத விட்டுக் குடுத்துட்டுப் போயிடுங்க. உங்களக் கும்புட்டுக் கேக்கறேன்.”

கல்யாண வீட்டில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி ஒரு பெண் தன்னிடம் கோப்புக் கேட்டு நிற்பது தட்சிணாமூர்த்திக்கு உள்ளூர இனித்தது. எழுந்தார். தாம்பூலப் பையை எடுத்துக்கொண்டார். “நா இல்லாம ஒரு வேலையும் நடக்காதுபோல” என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சலித்துக்கொண்டார்.

கிளையில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் இளவரசு அவருக்குத் தூரத்துச் சொந்தம். வேலை நேரத்தில் சார் என்பான். கோபம் வந்தால் மாமா என்பான். அன்றைக்கு வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான்.

“வாங்க மாமா. உக்காருங்க. பாஸ்வேர்டப் போடுங்க.”

போட்டார். கோப்பு வந்தது. ஆனால் அவர் செய்த திருத்தம் எதுவும் அதில் இல்லை.

“எங்கடா என் பூ பார்டரு?”

மூன்று வாரம் அவர் அந்தக் கோப்பில் பார்த்த வேலை அப்போதுதான் வெளியே வந்தது. முதல் பக்கத்தைச் சுற்றித் தாமரைப் பூ. நடுவில் கெட்டி எழுத்தில் ‘ஆக்கமும் ஒருங்கிணைப்பும்’ என்று போட்டு, கீழே அவர் பெயர். அவ்வளவுதான்.

“அதெல்லாம் கடலூர்ல உங்க மிஷின்லயே கெடக்கு மாமா. இங்கேருந்து செக் இன் பண்ண முடியாது. டிஸ்கார்டுன்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அத அமுக்கணும். நீங்க செஞ்சது போயிடும், ஃபைலு பொதுவுக்கு வந்துடும்.”

“நா வேணா கடலூர் போயி...”

“பஸ்ஸு பாதி வழி புதுச்சத்திரம் தாண்டறதுக்குள்ள அஞ்சு அடிச்சிடும்.”

தட்சிணாமூர்த்தி மவுசைப் பிடித்தார். ‘உங்கள் மாற்றங்கள் எல்லாம் அழிந்துவிடும், நிச்சயமா?’ என்று பெட்டி ஒன்று இங்கிலீஷில் கேட்டது. சொந்தப் பெயரைச் சொந்தக் கையால் அழிக்கச் சொன்னால் யாருக்குத்தான் விரல் வரும்? ஒரு பக்கம் கிளை, ஒரு பக்கம் தாமரை. சிந்துஜா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்; பிறகு அவரைப் பார்த்தாள்.

“சார், உங்க பேர நானே மொதப் பக்கத்துல போட்டுடறேன்.”

“கெட்டி எழுத்துலயா?”

“கெட்டி எழுத்துல.”

“பூவு?”

“மாமா!” என்றான் இளவரசு.

அமுக்கினார். கண்ணை மூடிக்கொண்டுதான்.

கோப்பு பொதுவுக்கு வந்த நொடியில் சிந்துஜா அதை எடுத்தாள். குப்பங்களின் பெயர்களைப் படபடவென்று அடித்தாள். சொன்ன சொல்லுக்கு முதல் பக்கத்தில் அவர் பெயரையும் போட்டாள். ஐந்தடிக்கச் சற்று முன்னால் செக் இன் செய்துவிட்டு மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நிதி வந்தது. கிளை தப்பியது. தான் விட்டுக்கொடுத்த கதையைத் தட்சிணாமூர்த்தி அடுத்த நாலு கல்யாணங்களில் சொன்னார்.

இதோடு முடிந்திருந்தால் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு நாம் எழுந்து போயிருக்கலாம்.

அடுத்த மாதம் காலாண்டு அறிக்கைக்குக் கோப்பு திறந்தார்கள். இளவரசு குப்பத்தில் எடுத்த படங்களைச் சேர்க்கப் போனான். கோப்பு பூட்டியிருந்தது. முதுநகருக்குப் போன் போட்டு, “மாமா, மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா?” என்று கத்தினான்.

“நா இல்லடா. சத்தியமா இல்ல. பேரப் பாருடா.”

பார்த்தான். எழுந்து பக்கத்து மேசைக்குப் போனான்.

“சிந்துஜா, ஃபைல விடுங்க. ஆறு படம் சேக்கணும்.”

“எங்கிட்ட குடுங்க, நானே சேத்துக்கறேன்.”

“ஏன், நா சேத்தா ஆவாதா?”

“நீங்க எதையாச்சும் மாத்திடுவீங்க. எங்கிட்டயே இருக்கட்டும். போன தடவ பட்டது போதும்.”

அவளைக் குறை சொல்ல முடியுமா? பட்டவள். தட்சிணாமூர்த்தியும் எந்தக் காலத்திலோ எதையோ பட்டவராக இருப்பார். இந்த இனம் வானத்திலிருந்து குதிப்பதில்லை. நல்ல பிள்ளைகளிலிருந்துதான் உண்டாகிறது.

நமக்கென்ன, நாம் அப்படியில்லை என்கிறீர்கள். சந்தோஷம். இதைப் படித்து வரும்போது ஏதாவது ஒரு வரியில், இந்த வார்த்தைக்குப் பதில் அந்த வார்த்தை இருந்தால் இன்னும் நன்றாயிருக்குமே என்று உங்களுக்குத் தோன்றவில்லையே? ஒரே ஓர் இடத்தில்கூடவா?

தோன்றியதா. சரி, தாராளமாகத் திருத்துங்கள். திரும்ப எப்போது தருவீர்கள் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுங்கள்.