பின்னெச்சரிக்கை

என் மனைவியின் உயிரைக் காப்பாற்றுவது என்று ஒரு சனிக்கிழமை காலை, பல் துலக்கும்போது முடிவு செய்தேன்.

அந்த நேரத்தில் அவள் உயிருக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. சமையலறையில் நின்று, நான் வாங்கிவந்த வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்து, என்னைப் பற்றி அதனிடமே குறை சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் முந்தின நாள் மாடி வீட்டு அக்கா என்னைப் படிக்கட்டில் நிறுத்தி ஒரு செய்தி சொல்லியிருந்தார்.

“தம்பி, அந்தச் சந்துல ஆள் அரவமே இல்லை. எவனோ பின்னாடியே வந்து என் கைப்பையைப் பிடுங்கிட்டு ஓடிட்டான். உங்க வீட்டம்மா தினமும் அந்த வழியாத்தானே வராங்க?”

அப்போதிருந்து எனக்கு அதே நினைப்புதான். என் மனைவி கண்ணாஸ்பத்திரியில் நர்ஸ். ஊசி போட அவளுக்கு ஊசி தேவையில்லை, ஒரு பார்வை போதும். அதை நான் அறிவேன். சந்தில் வருகிற திருடன் அறிவானா? இருட்டில் அவனுக்கு அவள் பார்வை தெரியாதே!

வாயில் நுரையோடு சமையலறைக்குப் போனேன்.

“உனக்கு ஒரு அலாரம் வாங்கப் போறேன்.”

“எதுக்கு? நான்தான் தினம் உங்களை எழுப்பறேன்.”

“அந்த அலாரம் இல்லை. பாதுகாப்பு அலாரம். கையில வச்சிருக்கணும். எவனாவது கிட்ட வந்தா ஒரு பின்னைப் பிடுங்கணும். ஊரே கேக்கற மாதிரி கத்தும். பின்னைத் திரும்பச் செருகினாத்தான் நிக்கும்.”

“கத்தறதுக்கு எனக்கு மெஷின் வேணுமா?”

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் கற்றுக்கொண்ட ஒரே வித்தை அது.

“நீ வேணாம்னாலும் வாங்கத்தான் போறேன்” என்றேன் கம்பீரமாக. நுரை சட்டையில் வழிந்தது.

“எனக்கு வேணாம். நீங்க ஆசைப்படறீங்க, கூட வரேன்” என்றாள்.

கடைக்காரர் கண்ணாடி மேஜை முழுக்க அலாரங்களைப் பரப்பினார். உதட்டுச்சாயக் குப்பி மாதிரி ஒன்று. முட்டை மாதிரி ஒன்று. கைக்கடிகாரம் போல மணிக்கட்டில் கட்டுவது ஒன்று. சாவிக்கொத்தில் தொங்குவது ஒன்று. நான் ஒவ்வொன்றையும் எடுத்து, எடை பார்த்து, புருவத்தை உயர்த்தி வைத்தேன். எனக்கு இதில் ஒன்றும் தெரியாது என்பது கடைக்காரருக்கு உடனே தெரிந்துவிட்டது.

“அழகா இருக்கறதை எடுக்காதீங்க சார். அவசரத்துல கைக்கு எட்டறதை எடுங்க. பைக்குள்ள போட்டுவச்சா, திருடன்கிட்ட ஒரு நிமிஷம் பொறுப்பான்னு கேட்டுத்தான் தேடணும்.”

அதுவரை சும்மா இருந்த என் மனைவி கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

“ஒரு கையால இழுக்க முடியுமா?”

“முடியும்மா. இடுப்புல கிளிப் போட்டு மாட்டிட்டா இழுக்கறது சுலபம்.”

“கீழே விழுந்து கிடந்தா?”

“அப்பவும் எட்டும்.”

“கீழ்த்தளத்துல கத்தினா மேல இருக்கறவங்களுக்குக் கேக்குமா? நடுவுல இரும்புச் சாமான் நிறைய இருக்கு.”

“நல்லாவே கேக்கும்மா. இரும்பு அதிரும்.”

“கண்ணாடி இல்லாமலே பின் எங்கே இருக்குன்னு தடவிப் பாக்க முடியுமா?”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வேண்டாம் வேண்டாம் என்றவள் எப்படி அக்கறையாக விசாரிக்கிறாள்! என் பேச்சுக்கு இருக்கும் மகிமை அது. அவள் கண்ணாடி போடுகிறவள் இல்லையே என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நான் என் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“அப்ப இந்தக் கறுப்பு” என்று கிளிப் வைத்த ஒன்றைத் தொட்டவள், சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். “வேணாம். இது நல்லாவே இல்லை. அந்த ரோஸ் கலரைப் பாருங்க.”

“கறுப்பைக் குடுங்க” என்றேன் கடைக்காரரிடம்.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஒரே போடாகப் போட்டாள்.

“நான் மாட்டிக்க மாட்டேன். ஆஸ்பத்திரியில பட்டுனு கத்திடுச்சுன்னா? கண்ணுல மருந்து விட்டுட்டு உக்காந்திருக்கறவங்க எழுந்து ஓடினா யார் பொறுப்பு?”

“அதுவா கத்தாது.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க மாட்டிப் பாத்தீங்களா?”

“நான் எதுக்கு மாட்டணும்? நான் ஆம்பிளை.”

“அதான் கேட்டேன். ஒரு வாரம்கூட மாட்ட முடியாதுல்ல?”

“ஒரு வாரமா? ஒரு மாசம் மாட்டறேன்!”

“வேண்டாங்க. உங்களால முடியாது.”

“ரெண்டு மாசம்!”

“சரி, ரெண்டு மாசம் கத்தாம இருந்தா நான் மாட்டிக்கறேன்” என்று உள்ளே போய்விட்டாள். ஏலத்தில் என்னை எதிர்த்து நானே கேட்டு நானே எடுத்தது அன்றுதான்.

திங்கட்கிழமை இடுப்பில் அலாரத்தோடு பேங்குக்குப் போனேன். கவுண்டரில் ஒரு பேனா. யாரும் எடுத்துக்கொண்டு போகாதபடி அதை நூலால் கட்டியிருந்தார்கள். நான் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினேன். நூல் என் இடுப்பில் சுற்றிக்கொண்டு, அலாரத்தின் பின்னைப் பிடுங்கிவிட்டது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? நூறு விசில்களும் ஒரு பச்சைக் குழந்தையும் சண்டை போட்டால் வரும் சத்தம். வரிசையில் நின்றவர்கள் தரையில் படுத்தார்கள். காவலாளி இரண்டு கைகளையும் தூக்கி நின்றார். மேனேஜர் அறை திறந்தது, எட்டிப் பார்த்தது, மூடிக்கொண்டது. நான் பின்னைத் தேடி மேஜைக்கு அடியில் தவழ்ந்தபோது, ஏற்கெனவே அங்கே இருந்த காசாளர் என்னைப் பார்த்து, “சார், எனக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகலை” என்றார்.

அன்று எனக்கு ஒன்று புரிந்தது. இதை முன்னெச்சரிக்கை என்கிறார்கள். தப்பு. பின்னைப் பிடுங்கிய பின் கத்துவதால் இது பின்னெச்சரிக்கை.

செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருந்தது.

“போதுங்க. கழட்டி வச்சிடுங்க. மானம் போகுது” என்றாள்.

“முடியாது. சொன்னது சொன்னதுதான். இன்னியிலேர்ந்து ரெண்டு மாசம்.”

“பிடிவாதம்!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்படி அடித்துக்கொள்கிறவளின் முகம் ஏன் அத்தனை நிம்மதியாக இருந்தது என்று நான் யோசித்திருக்கலாம்.

என் வேலையைப் பற்றிச் சொல்லவில்லையே. நாற்காலி, மேஜை, பீரோ விற்கும் கம்பெனியில் குடோன் பொறுப்பு. குடோன் கீழ்த்தளத்தில். அங்கே நான் ஒருவன்தான். போனில் சிக்னல் எடுக்காது, முதலாளி இறங்கமாட்டார், சொர்க்கம். சுமை இறக்கும் ஆட்கள் சரக்கு வந்தால் மட்டும் வருவார்கள்.

அந்த வாரக் கடைசியில் புது பீரோக்கள் வந்து வரிசையாக நின்றன. ஒரு வாடிக்கையாளர், கதவு இடுக்கு வழியாகத் தூசி போகிறது என்று புகார் சொல்லியிருந்தார். இடுக்கு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? உள்ளே போய், கதவைச் சாத்தி, வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கெட்டிக்காரத்தனமான யோசனை. தட்டு எல்லாவற்றையும் கழற்றினேன், உள்ளே ஏறினேன், கதவை இழுத்தேன்.

க்ளக்.

வெளிச்சம் ஒரு பொட்டுகூடத் தெரியவில்லை. ஆகா, என்ன வேலைப்பாடு என்று மெச்சிக்கொண்டே கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. கைப்பிடி வெளியே இருந்தது. பீரோவுக்கு உள்பக்கம் கைப்பிடி வைக்கும் வழக்கம் உலகத்தில் எங்குமே இல்லை.

முதலில் தட்டினேன். பிறகு இடித்தேன். பிறகு முதலாளியை வாய்க்கு வந்தபடி திட்டிப் பார்த்தேன், அதற்காவது யாராவது வருவார்கள் என்று. வரவில்லை. சரக்கு இறக்கிய ஆட்களும் மேலே சாப்பிடப் போயிருந்தார்கள். போனை எடுத்தால் அதில் ஒரு கோடுகூட இல்லை. எங்கள் சரக்கில் எங்கேயாவது ஒரு ஓட்டை இருக்க வேண்டும் என்று முதன்முறையாக வேண்டிக்கொண்டேன்.

சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. காற்று குறைந்துகொண்டே வந்தது. சிரிக்காதீர்கள், பயந்துவிட்டேன். அந்த இருட்டில் எனக்குத் தெரிந்தது வெண்டைக்காய் ஒடிக்கும் அவள் கைதான். சாயங்காலம் அவள் வீட்டுக்கு வருவாள், இரண்டு தம்ளரில் காபி ஊற்றுவாள், ஒன்று ஆறிக்கொண்டே இருக்கும் என்று நினைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்க முழங்கையைத் தூக்க இடமில்லை. கையைக் கீழேயே வைத்தேன். இடுப்பில் என்னவோ தட்டுப்பட்டது.

பின்னை இழுத்தேன்.

பேங்கில் கேட்டது தாலாட்டு. இது இரும்புப் பெட்டிக்குள் என் காதுக்கு இரண்டடியில். பீரோ அதிர்ந்தது, பற்கள் அதிர்ந்தன, பக்கத்து பீரோக்களும் சேர்ந்து பாடின. ஆட்கள் ஓடிவந்தார்கள். ஆனால் எந்த பீரோ கத்துகிறது என்று தெரியவில்லை. வரிசையாக ஒவ்வொன்றாகத் திறந்து, பார்த்து, மரியாதையாக மூடிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் என் கதவு திறந்தது. அவர்களின் மேஸ்திரி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“சார், உள்ளேயிருந்தா ஸ்டாக் எடுக்கறீங்க?”

நான் அவரைக் கட்டிக்கொண்டேன். அலாரம் நிற்கவில்லை, பின் இருட்டில் எங்கோ விழுந்திருந்தது. ஒருவர் அதைப் பிடுங்கி பீரோவுக்குள் எறிந்து கதவைச் சாத்தினார். சத்தம் பாதியானது. “சாரை வெளியே எடுத்து இதை உள்ள வச்சிருக்கோம், கணக்கு சரி” என்றார் மேஸ்திரி. சாயங்காலத்துக்குள் கம்பெனி முழுக்க என் பெயர் ‘பீரோ ஹீரோ’.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? அலாரம் ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறது! இனி அவள் தப்பவே முடியாது.

நடந்ததைச் சொன்னேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். பார்த்து முடித்த பிறகும் விடவில்லை.

“மூச்சு சரியா இருக்கா? தலை சுத்துதா?”

“அதெல்லாம் இல்லை. இப்ப ஒத்துக்கறியா? இது இல்லாம நீ இனிமே வெளியே போகக் கூடாது. உனக்கும் நாளைக்கே ஒண்ணு வாங்கறேன்.”

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைப்பையை எடுத்து என் மடியில் வைத்தாள். பையின் வாரில், கை வைத்தால் எட்டுகிற இடத்தில், சின்னதாக ஒரு அலாரம் தொங்கியது. அழுக்கேறி, ஓரம் தேய்ந்து.

“இது எப்ப?”

“ரெண்டு வருஷமா இருக்கு. எங்க ஆஸ்பத்திரியில எல்லா நர்ஸும் வச்சிருக்கோம்.”

“அப்ப கடைக்கு ஏன் வந்தே?”

“உங்களுக்கு எது சரியா இருக்கும்னு பாக்க. மத்தியானம் போன் பண்ணினா உங்க குடோன்ல எடுக்கறதே இல்லை. தனியா ஏணியில ஏறறீங்க. நீங்க ஒண்ணு மாட்டிக்குங்கன்னு நான் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

யோசித்தேன். “சிரிச்சிருப்பேன்.”

“அதான்.”

“மாடி வீட்டு அக்கா பை பறிபோச்சுன்னாங்களே?”

“அது அவங்க அலமாரியில பத்திரமா இருக்கு. கொஞ்சம் அழுது சொல்லுங்கக்கான்னு நான்தான் கேட்டேன். அழமாட்டேன், பெருமூச்சு வேணா விடறேன்னாங்க.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவள் விரல்கள் இன்னும் என் மணிக்கட்டில் இருந்ததால் வரவில்லை.

ஆனாலும் ஒரு ஆண்மகனுக்கு ஒரு அளவு உண்டு. இனிமேல் இவள் சொல்வதை நேராகவும் கேட்கக் கூடாது, தலைகீழாகவும் கேட்கக் கூடாது. ஒவ்வொரு வார்த்தையையும் உரசிப் பார்த்துத்தான் ஏற்பது என்று சபதம் செய்தேன். சபதம் ஒரு வாரம் கெட்டியாக நின்றது. நேற்றுச் சாயங்காலம் நான் சோபாவில் சாய்ந்திருந்தபோது, துணி மடித்துக்கொண்டே அவள் சொன்னாள்.

“டாக்டர் நடக்கச் சொன்னார்னு நீங்க மெனக்கெடாதீங்க. உங்க வயசுக்கு அதெல்லாம் ஒத்து வராது.”

“யார் வயசுக்கு?” என்று செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று கிளம்பினேன்.

பூங்காவை மூன்றாவது தடவை சுற்றும்போதுதான் உறைத்தது.