மெஷின் சத்தத்துக்கு அடியில் கிடைத்த வேலை

1. செவ்வாய்க்கிழமை எனக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டது.
2. அதை நான் மளிகைக் கடையில் கேள்விப்பட்டேன்.
3. புதன்கிழமை ஊரில், சிங்கவரத்தில், என்னைப் பெற்ற நைனா எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்.
4. அன்று மாலையே, நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டரில் என் நாற்காலிக்கு வேறொரு பெண்ணைப் பேசி முடித்தார்கள்.
5. இன்டர்வியூ வெள்ளிக்கிழமை.

நடக்காததை நடந்து முடிந்ததாகச் சொல்வதில், நான் வேலை பார்க்கும் இந்த டவுனில், கோட்டைக்கு இந்தப் பக்கமும் சரி அந்தப் பக்கமும் சரி, ஆயிடுச்சு அக்காவை அடிக்க ஆள் கிடையாது. நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழே ப்ளவுஸ் தைப்பவர். துணியில் கத்திரி படும் முன்பே "ஆயிடுச்சும்மா" என்பார். "எங்க, காட்டு" என்றால், "மனசுல ஆயிடுச்சு. மெஷின்லதான் பாக்கி" என்பார்.

யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்தபின் இது கொள்கையாகவே ஆகிவிட்டது. வேண்டியதை வாக்கியமாகப் பேசி, ஃபோனில் பதிவு செய்து, தையல் மெஷின்மேல் வைத்துச் சன்னமாக ஓடவிடுவார்.

"காதுல விழுந்தா, 'போடி, பொய்யி'ன்னு மனசு சண்டைக்கு வரும். மெஷின் சத்தத்துக்கு அடியில போச்சுன்னா நைசா உள்ள பூந்துடும்."

என் இன்டர்வியூவுக்கும் ஒன்று போட்டே தீருவேன் என்று நின்றார். தொல்லை விட்டால் போதும் என்று, "எனக்குப் பயம் இல்லை" என எழுதிக் கொடுத்தேன்.

"இன்னா கவிதா, இன்ஜினியரிங் படிச்சவதானே நீ? பயத்த உள்ள வுட்டுட்டு அப்பறம் இல்லைன்னா எப்டி? 'தைரியமா இருக்குறேன்'னு சொல்லு."

"சரி. வேலை கிடைக்கும்."

"கிடைக்கும்னா என்னைக்கு? 'நாளை கடன்'னு போர்டு மாட்டுன கடை மாதிரி இருக்குது. கிடைச்சிடுச்சுன்னு சொல்லு!"

செவ்வாய்க்கிழமை கரன்ட் போனது. மோட்டார் மெஷின் நின்றது, ஃபோன் நிற்கவில்லை. ப்ளவுஸுக்குக் காத்திருந்த நாலைந்து பேருக்கு நடுவே, "கவிதாவுக்குச் சென்னைல வேலை கிடைச்சிடுச்சு" என்றது அக்காவின் குரல்.

"நெஜமாவா?" என்றார் மளிகைக் கடைக்காரம்மா.

இல்லை என்பது கொள்கைக்கு விரோதம். "ஆயிடுச்சு" என்றார் அக்கா.

புதன்கிழமை மாலை என் நாற்காலி போன சேதி தெரிந்ததும், எனக்கு வந்த ஆத்திரத்தில் தெருவே கேட்க அக்காவிடம் கத்தினேன். இன்டர்வியூ என்னைக் கைவிட்டால், எனக்கு இருப்பது அந்த சென்டர் வேலை ஒன்றுதான்.

"போய் எங்க சென்டர் சார்கிட்ட 'கிடைக்கல'ன்னு சொல்லுங்க!"

"அந்த வார்த்தைய என் வாயால சொன்னா பலிச்சிடும்டி."

"இருந்த வேலையும் போச்சு, உங்க பலிப்பு ஒண்ணுதான் கொறச்சலா?"

அக்கா கத்திரியைக் கீழே வைத்தார். கழுத்தில் அளவு டேப் தொங்க, கடைத்தெருவில் விறுவிறுவென்று நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். சென்டர் நிறைய ஆட்கள். வாசலில் நின்றே சொன்னார்.

"சார், கவிதாவுக்கு வேலை கிடைக்கல. நான் சொன்னது பொய்யி. இன்னும் கிடைக்கல."

சொன்னதும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். திரும்பி வரும் வழியெல்லாம் எடுக்கவே இல்லை.

இப்போதைய நிலவரம்: இன்டர்வியூ முடிந்துவிட்டது, சென்னையிலிருந்து பதில் வரவில்லை. சென்டரில் என் நாற்காலி என்னிடமே இருக்கிறது. இன்டர்வியூவுக்கென்று நான் கொடுத்த ப்ளவுஸ் துணி இன்னும் வெட்டப்படவில்லை. என் கோபமும் தீரவில்லை. கீழே மெஷின் ஓடும்போது, சத்தத்துக்கு அடியில் என் பெயர் கேட்கிறது. ஜன்னலை மட்டும் நான் சாத்துவதில்லை.