எலுமிச்சை ஓட்டமும் மஞ்சள் பலாஸோவும்

ஒப்புக்கொள்கிறேன்: மகள் பிறந்து ஏழு வருஷம் நான் நைட்டியிலேயே குடித்தனம் நடத்தினேன். பால் வாங்க, மாவு அரைக்க, யாழினியை ஸ்கூல் வேனில் ஏற்ற, எல்லாவற்றுக்கும் நைட்டி. வாசலைத் தாண்டினால் தோளில் ஒரு துண்டு. (துண்டு போட்டுவிட்டால் அது நைட்டி இல்லை என்பது எங்கள் விருத்தாசலத்துப் பெண்கள் ஒருமனதாக எடுத்த முடிவு.) இரண்டாம் வகுப்பில் ‘என் அம்மா’ என்று படம் வரையச் சொன்னார்கள். யாழினி பூப்போட்ட நைட்டியையும் பச்சைத் துண்டையும் அப்படியே வரைந்திருந்தாள். முகத்துக்கு மட்டும் அவள் அதிகம் மெனக்கெடவில்லை. அது என்னைச் சுட்டது.

விளையாட்டு விழா வந்தபோது, மங்கலம்பேட்டைக்கே போய் ஒரு பலாஸோ பேன்ட் வாங்கினேன். காலுக்கு ஒரு பாவாடை வீதம் வைத்துத் தைத்த மாதிரி அகலம். கடுகு மஞ்சள் நிறம். என் வீட்டுக்காரர் செல்வம், செராமிக் யூனிட்டில் பொம்மைகளுக்கு வர்ணம் அடிப்பவர். நிறம் எப்படி என்று அவரிடம் கேட்டேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நல்லாதான் இருக்குது. தூரத்துல வந்தாலும் தெரியும்” என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

மைதானத்தில் சினிமா நடிகை நினைப்பில் நடந்தேன். அம்மாக்களுக்கு எலுமிச்சை ஓட்டம் என்று மைக்கில் அறிவித்ததும், யாரும் கூப்பிடாமலே முதல் ஆளாகப் போய் நின்றேன். வாயில் ஸ்பூன், ஸ்பூனில் எலுமிச்சை, கைகள் முதுகுக்குப் பின்னால். விசில் ஊதினார்கள். நாலாவது அடியில் இடுப்பில் ‘டப்’ என்று ஒரு சத்தம்.

எலாஸ்டிக்.

பின்னால் இருந்த இரண்டு கைகளும் டாப்ஸோடு சேர்த்துப் பலாஸோவைக் கவ்விப் பிடித்தன. ஓடினால் மானம் போகும். நின்றால் எல்லோரும் என்னையே பார்ப்பார்கள். எனவே நடந்தேன். மணமேடைக்குப் போகும் கல்யாணப் பெண்கூட அவ்வளவு மெதுவாக நடந்திருக்க மாட்டாள். ஓடச் சொல்லி ஓரத்திலிருந்து யாழினி கத்தினாள். வாயில் ஸ்பூனை வைத்துக்கொண்டு என் நிலைமையை எப்படி விளக்குவது? ஆனால் வேகமாக ஓடிய அத்தனை பேரும் எலுமிச்சையைக் கீழே போட்டார்கள். பழத்தோடு கோட்டைத் தாண்டியது நான் ஒருத்திதான். முதல் பரிசு. (தோற்றிருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.)

பரிசு ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளி. பிடித்த பிடியை விடாமல் மேடையேறினேன். தலைமையாசிரியர் வாளியை நீட்டினார். நான் கையை எடுக்கவில்லை.

“கீழ வச்சிடுங்க சார், அப்பறமா எடுத்துக்கறேன்” என்றேன். அவர் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் நஸ்ரீன் மேடையேறினார். யாழினியின் தோழிக்கு அம்மா. வேனுக்காக நிற்கும்போது சிரித்திருக்கிறோமே தவிர, ஒரு வார்த்தை பேசியதில்லை. புர்காவை லேசாகத் தூக்கிப் பிடித்தபடி விறுவிறுவென்று வந்து, எனக்குப் பின்னால் ஒட்டி நின்றார்.

“நான் புடிச்சிக்கிறேன் அக்கா. நீங்க வாளிய வாங்குங்க” என்றார் காதருகே.

வாங்கினேன். போட்டோவும் எடுத்தார்கள். பாத்ரூமில் தன் பையிலிருந்து நாலு பின் எடுத்துக் குத்திவிட்டார் நஸ்ரீன். தன் தங்கையின் நிக்காஹ்வில் தனக்கும் இதே கதி நேர்ந்ததைச் சொன்னார். கண்ணில் தண்ணீர் வரும்வரை இருவரும் சிரித்தோம்.

அதன் பிறகு துணி எடுக்க இருவரும் சேர்ந்தே போகிறோம். நைட்டி இப்போது வீட்டோடு சரி. வெளியே போக எனக்குப் பிடித்ததைப் போட்டுக்கொள்கிறேன். பலாஸோவும் உண்டு, நாடா வைத்தது. அந்தப் போட்டோ எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. வாளியோடு நான், பின்னால் மெய்க்காவலர் மாதிரி நஸ்ரீன்.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காகப் புதுப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அறையிலிருந்து வந்தேன். எப்படி இருக்கேன் என்று யாழினியிடம் கேட்டேன்.

“அழகா இருக்கம்மா. சமையக்கட்டு வரைக்கும் ஓடிக் காட்டு.”

ஓடிக் காட்டினேன்.