முப்பத்தொன்றாம் பக்கத்தில் என்னைக் கொன்றது யார்?

அன்பிற்குரிய மைத்துனருக்கு,

உன் அக்காவும் நானும் இவ்விடம் நலமாக இருக்கிறோம். என் கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்று மட்டும் நலமில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன். நீ, உன் மனைவி, குழந்தைகள் இருவர் ஆகிய நால்வரும் குறையில்லாமல் இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். இன்று காலை ஆறு மணிக்கு வெப்பம் இருபத்தெட்டு, காற்று தென்மேற்கு, வானம் பாதி மூடியிருந்தது. நிற்க. நீ வேலை செய்யும் பதிப்பகம் ஒரு தீவுக் கொலை நாவலை வெளியிட்டிருக்கிறது. அதில் முப்பத்தொன்றாம் பக்கத்தில் என்னைக் கொன்றிருக்கிறார்கள். கொன்றது யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். நீ அங்கே மெய்ப்புப் பார்க்கிறவன், ஆகையால் உனக்குத் தெரியாமல் இருக்காது.

அத்தானுக்குக் குழப்பம் என்று நினைத்துவிடாதே. குழப்பம்தான், ஆனாலும் வரிசையாகச் சொல்கிறேன்.

போன மாதம் மேற்படி பல்லுக்காகப் பல் டாக்டரிடம் போயிருந்தேன். அங்கே சீட்டு எழுதிக் கொடுக்கும் அம்மா ஒரு புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. அவர் கூப்பிடவில்லை, என்னையே உற்றுப் பார்த்தார். நான் அப்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அதன் ஒரு காலைப் பல்லில் கடித்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த வெப்பமானியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அது இரண்டு டிகிரி கூடுதலாகக் காட்டியது.

"சார், தப்பா நினைக்காதீங்க. எப்பவும் இப்படித்தான் கண்ணாடியைக் கடிச்சுப்பீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. அளவு பாக்கும்போது ரெண்டு கையும் காலியா இருக்கணும்."

"சாப்பிட உக்காந்ததும் காத்து எந்தப் பக்கம்னு சொல்லுவீங்களா?"

"சொல்லாம எப்படி?"

அந்த அம்மா புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "அப்ப நீங்க செத்துட்டீங்க சார்" என்றார், மிகவும் மரியாதையாக.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் ஒழுங்குக்காகச் சொல்கிறேன். முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் வானிலை நிலையத்தில் என்னைக் கடலுக்கு நடுவே ஒரு பாறைத் தீவுக்கு மாற்றினார்கள். உன் அக்காவுக்குக் கல்யாணமாகி அப்போது மூன்று மாதம். தீவில் எங்களைத் தவிர நாலு பேர்: கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொண்ட விளக்குக்காரர், ஒயர்லெஸ்காரர், கம்பவுண்டர், சமையல்காரர். மூன்று வாரத்துக்கு ஒரு முறை படகு வரும், கடல் கெட்டிருந்தால் அதுவும் வராது. நாலு வருடம் அங்கே இருந்தோம். ஒரு நாள் விடாமல் காலை ஆறு மணிக்கு மழை, காற்று, வெப்பம் மூன்றையும் அளந்து பதிவேட்டில் எழுதினேன். எந்தச் சண்டையும் இல்லை, எந்தக் குறையும் இல்லை. யாரும் யாரையும் கொல்லவில்லை. கொன்றிருந்தால் பதிவேட்டில் இருந்திருக்கும்.

நாவலிலும் ஒரு பாறைத் தீவு. அங்கேயும் ஆறு பேர். அதில் மழை அளக்கிறவர் ஒருவர். காலர் பட்டன் வரை போட்டுக்கொள்கிறார். காலுறையைக் காற்று வரும் திசைக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடியில் போடுகிறார். காலை ஆறு மணிக்கு விசில் ஊதி எல்லாரையும் கடிகாரம் சரிபார்க்கச் சொல்கிறார். முப்பத்தொன்றாம் பக்கத்தில், விசிலைக் கழுத்தில் மாட்டியபடி, பாறைக்குக் கீழே செத்துக் கிடக்கிறார். அதற்கப்புறம் நூற்றைம்பது பக்கத்துக்கு, யார் தள்ளியிருப்பார்கள் என்று மற்ற ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே டப்பா மீன் சாப்பிடுகிறார்கள்.

எழுதினவர் புனைபெயரில் ஒளிந்திருக்கிறார். யார் இந்த ஆள், இவருக்கு என் காலுறை விஷயம் எப்படித் தெரியும் என்று எனக்கு விளங்கவே இல்லை. முடிவையாவது படிக்கலாம் என்றால் அதிலும் கோளாறு. பல் டாக்டரிடம் சீட்டு எழுதும் அம்மா தன் கையிலிருந்த புத்தகத்தைத் தர மாட்டேன் என்றுவிட்டார், அது அடுத்த வீட்டுக்காரி புத்தகமாம். கடையில் கேட்டால் தீர்ந்துவிட்டது, மறுபதிப்பு வந்தால்தான் உண்டு என்றார்கள். நூலகத்தில் நாலு பிரதி வாங்கி, மூன்று திரும்பி வரவில்லையாம், மிச்சம் இருந்த ஒன்றில் கடைசிப் பதினாறு பக்கம் தையல் விட்டுக் கழன்று போயிருக்கிறது. சரி, கிடைத்தவரைக்கும் ஆச்சு என்று எடுத்து வந்தால், நான் செத்துக் கிடக்கிற பக்கத்திலேயே எவனோ பென்சிலால் "கொன்றது விளக்குக்காரர்" என்று எழுதி வைத்திருக்கிறான். அதை இன்னொருத்தன் அடித்துவிட்டு "தவறு, கம்பவுண்டர்" என்று எழுதியிருக்கிறான். அதற்குக் கீழே நுணுக்கமான கையெழுத்தில் "சமையல்காரர்தான், சரியாகப் படிக்கவும்." அதற்கும் கீழே, "நீங்கள் எல்லாரும் முழுசாகப் படித்தீர்களா இல்லையா?" தம்பி, முழுசாகப் படித்த நாலு பேருக்குள்ளேயே ஒத்துவரவில்லை என்றால் பதினாறு பக்கம் குறைவாகப் படித்த நான் என்னத்தைக் கண்டேன்.

உன் அக்காகிட்ட சொன்னேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அது நீங்கதான்னு எதை வெச்சு சொல்றீங்க?"

"காலுறையைக் காத்துல பிடிச்சுப் பாக்கறான்."

"நிறைய பேர் பிடிப்பாங்க."

"யாரு?"

அடுத்த பீன்ஸை எடுத்தாள். "இருக்கலாம்னு சொன்னேன்" என்றாள்.

ஆனால் அன்றிலிருந்து தினமும் கேட்கிறாள், எத்தனாவது பக்கம் வந்திருக்கீங்க, எங்கேயாவது அலுப்புத் தட்டுதா, கடல் கெட்டுப்போற அத்தியாயம் இழுவையா இருக்கா என்று. "நான் செத்துப்போன கதையில இழுவையா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன" என்றேன். "இல்ல, எழுத்து எப்படின்னு கேட்டேன்" என்றாள். அவளுக்கு எப்போதிலிருந்து இலக்கியத்தில் இத்தனை அக்கறை வந்தது என்று தெரியவில்லை. இந்த ரெண்டு வருஷமாக வாரத்தில் மூன்று மத்தியானம் தையல் வகுப்புக்குப் போகிறாள். இதுவரை ஒரு கைக்குட்டைகூட வீட்டுக்கு வரவில்லை. ஒரு நாள் அந்தப் பக்கமாகப் போனபோது பார்த்தேன், தையல் பள்ளி இருந்த இடத்தில் சைக்கிள் ரிப்பேர் கடை இருக்கிறது. வேறு இடத்துக்கு மாற்றியிருப்பார்கள் போல. போன வருஷம் ஒரு நாள், சாப்பிடும்போது, "ஒரு ஆள் நாப்பது அடி உயரத்துலேர்ந்து விழுந்தா கீழே போக எத்தனை நேரமாகும்?" என்று கேட்டாள். நம்மிடம் கேட்கிறாளே என்ற சந்தோஷத்தில் காற்றின் வேகம், திசை எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் விளக்கினேன். குறிப்பும் எடுத்துக்கொண்டாள். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், வீட்டிலே கேட்டுப் பிரயோசனமில்லை, அவள் கவனம் வேறெங்கோ இருக்கிறது.

அதனால நானே விசாரிக்கக் கிளம்பினேன். விளக்குக்காரர் போய்ச் சேர்ந்து வருஷமாச்சு. சமையல்காரர் எங்கே இருக்கார்னே தெரியல. ஒயர்லெஸ்காரர் ஊருக்கு அந்தக் கோடியில் மகள் வீட்டில் இருக்கார், காதுல மிஷின் வெச்சிருக்கார். போய் உக்காந்து, நேராவே கேட்டேன்.

"என்னைக் கொன்னது நீயா?"

"எப்ப செத்தே?"

"முப்பத்தொண்ணாம் பக்கத்துல."

அவர் காது மிஷினைக் கழட்டி, ஊதி, மறுபடி மாட்டிக்கிட்டார். புத்தகத்தைப் பத்தி ஒண்ணுமே தெரியாது அவருக்கு. நான் முழுக் கதையும் சொன்னேன். கேட்டுட்டு, எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திட்டு வந்தார். அப்புறம், "நான் கொல்லலப்பா. ஆனா ஒரு நாள் அந்தப் பாறை ஓரத்துல நீ குனிஞ்சு நின்னே. நான் பின்னாடி நின்னேன். நாலு வருஷம், ஒவ்வொரு வேளையும், சோத்துல கை வைக்கறதுக்கு முன்னாடி காத்து எந்தப் பக்கம்னு நீ சொல்றதைக் கேட்டிருக்கேன். ஒரு நிமிஷம் நின்னுட்டுத் திரும்பிப் போயிட்டேன்" என்றார். அதுக்கப்புறம் அவர் மகள் காபி கொண்டுவந்து வெச்சா. நான் குடிக்கல. குடிக்கலாமா வேண்டாமான்னு எனக்குத் தெரியல.

கம்பவுண்டருக்கு போன் போட்டேன். நான் வாயைத் திறக்கறதுக்குள்ளயே அழ ஆரம்பிச்சுட்டார். "சார், உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சா? அந்த விசிலைக் கடல்ல போட்டது நான்தான். எத்தனை வருஷமா சொல்லணும்னு இருந்தேன்" என்கிறார். என் விசில் அலையில அடிச்சுக்கிட்டுப் போச்சுன்னு பதிவேட்டுல எழுதியிருக்கேன், தம்பி. என் கையால எழுதியிருக்கேன். அடுத்த படகுலயே புது விசில் வரவழைச்சேன். "அது வந்த அன்னைக்கு நாங்க எல்லாரும் பட்ட வேதனை உங்களுக்குத் தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் அழுதார். நான்தான் அவரைத் தேற்றும்படி ஆயிற்று.

ஆக எனக்கு நூலகத்தில் இருந்த குழப்பம் இப்போது வீட்டுக்கும் வந்துவிட்டது. எந்தக் குறையும் இல்லாத நாலு வருஷம் என்று நான் எழுதிவைத்திருக்கிற இடத்தில் எனக்குத் தெரியாமல் என்னென்னவோ நடந்திருக்கிறது. புத்தகம் சொல்வது பொய்யா, பதிவேடு சொல்வது பொய்யா என்று புரியவில்லை.

ஒரு இடத்தை மட்டும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். யாரிடமும் சொல்லாதே. அந்த ஆள் செத்த அன்று காலை அவன் மனைவி அழுவதில்லை. எல்லாரும் பாறையடியில் நிற்கிறார்கள். அவள் மட்டும் தனியாகப் போய் மழைமானியைத் திறந்து பார்த்து, பதிவேட்டில் அவன் எழுதுகிற மாதிரியே சாய்வாக "மழை இல்லை" என்று எழுதுகிறாள். அந்த நாள் வெற்றிடமாக இருந்துவிடக் கூடாதாம். அதை எழுதிவிட்டு, "இந்தத் தீவுக்கு வந்த நாள்லேர்ந்து இவர் எல்லாத்தையும் அளந்தாரு, என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை" என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறாள். அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். இரண்டு நாள் திறக்கவில்லை. ஏன் என்று கேட்காதே. அந்தப் பெண் யாரென்றே எனக்குத் தெரியாது.

ஆகவே நீ செய்ய வேண்டியது: எழுதியவர் யார் என்று விசாரித்து, அவர் விலாசத்தை எனக்கு அனுப்ப வேண்டும். கழன்றுபோன பதினாறு பக்கத்தையும் அனுப்ப வேண்டும். உன் அக்காவுக்கு உங்கள் பதிப்பகத்திலிருந்து அடிக்கடி பழுப்பு உறையில் கடிதம் வருகிறதே, அடுத்த முறை அதிலேயே வைத்து அனுப்பினாலும் சரிதான். உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து, நல்ல உடல்நலத்தோடு, பாறை ஓரங்களுக்குப் போகாமல் நெடுநாள் வாழட்டும்.

இப்படிக்கு, உன் நலம் விரும்பும்
அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் எழுதாததாக வைத்துக்கொள். வீட்டில் பசை தீர்ந்துவிட்டதால் உறையை ஒட்டாமல் உன் அக்காவிடம் கொடுத்து, போகிற வழியில் தபாலில் சேர்க்கச் சொன்னேன். அவள் வாசலில் நின்றபடியே படித்தாள். அப்புறம் உள்ளே வந்து உட்கார்ந்து படித்தாள். இரண்டு இடத்தில் சிரித்தாள், ஓரிடத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இதை இந்த வீட்டு விலாசத்துக்கே போட்டிருக்கலாமேங்க" என்றாள். எனக்குப் புரியவில்லை. மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவைதான் புரிந்தது. தையல் வகுப்பே கிடையாதாம். நூலகத்து மாடியில் ஓர் அறையாம். நீயும் உடந்தையாம், மூன்று முறை மெய்ப்புப் பார்த்தவன் நீதானாம். இருக்கட்டும்.

"சரி, என்னைக் கொன்னது யாரு?" என்று கேட்டேன்.

"யாரும் கொல்லலை. பாறை வழுக்கிடுச்சு. ஆனா கடைசி அத்தியாயத்துல அஞ்சு பேரும் தனித்தனியா வந்து நான்தான் கொன்னேன்னு ஒத்துக்கறாங்க. மனசுக்குள்ள ஒரு தடவையாவது எல்லாரும் தள்ளியிருக்காங்க. அதனால நிஜமாவே தள்ளிட்டோமோன்னு ஒவ்வொருத்தருக்கும் சந்தேகம்."

"அவளுமா?"

"அவதான் முதல்ல ஒத்துக்கறா. அதிகமா அழறதும் அவதான்."

காற்று எந்தப் பக்கம் என்று சொல்ல வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். அதற்குப் பதிலாக, "அங்க உனக்கு எப்படி இருந்துது?" என்று கேட்டுவிட்டேன். உன் அக்கா கைப்பையைக் கீழே வைத்தாள். அப்போது மணி ஒன்றரை. இப்போது விளக்குப் போட்டாயிற்று, இன்னும் தீவுக்குப் போன இரண்டாவது வாரத்தையே தாண்டவில்லை. காபி போட எழுந்து போயிருக்கிறாள், அந்த இடைவெளியில் இதை எழுதுகிறேன்.

அடுத்த நாவலும் தொடங்கிவிட்டாளாம். அதில் நான் இருக்கிறேனா என்று கேட்டேன். "இருக்கீங்க. இந்தத் தடவை சாகலை, போலீஸ் சந்தேகப்படற ஆளுங்கள்ல ஒருத்தர்" என்றாள். முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து எனக்குக் கிடைத்திருக்கும் முதல் பதவி உயர்வு இது. மெய்ப்புப் பார்க்கும்போது உன் ஆட்கள் யாரும் அதில் கை வைக்காமல் பார்த்துக்கொள்.